நட்சத்திரப் போர்த் தொடர்ப்படங்களில் அற மயக்கம்

ஜார்ஜ் லூகாஸ் இயக்கத்தில் 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தில் தலைவன் லூக் வெண்ணிற உடையிலும் பகைவன் டார்த் வேடர் கருங்கவசத்திலும் தோன்றினர். நன்மை எது, தீமை எது என்பதில் பார்வையாளர்க்கு ஐயம் எழ வழியில்லை. இத்தெளிவைத் தொடர்ப்படங்கள் எவ்வாறு குலைத்தன என்பதும், குலைத்ததன் விளைவை எவ்வளவு தூரம் ஏற்றன என்பதும் ஆராய்தற்குரியன.

இர்வின் கெர்ஷ்னர் இயக்கிய 'தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்' (1980) படத்தில், குகைக்குள் தோன்றும் வேடரின் உருவை லூக் தலை துணித்து வீழ்த்துகிறான். உடைந்த முகமூடிக்குள் தெரிவது அவன் முகமே. வேடரே அவன் தந்தை என்னும் செய்தி பின்னரே வெளிப்படுகிறது. குருதியுறவு அறியப்படுமுன்பே சினத்தால் இருவரும் ஒன்றுபடுகின்றனர் என்பது இதனால் பெறப்படும். வேடர் லூக்கின் தந்தையைக் கொன்றான் என்று முதற்படத்தில் கூறிய ஆசான் ஓபி-வான், மூன்றாம் படத்தில் அக்கூற்று ஒரு நோக்கில் உண்மையே என வாதிடுகிறார். நல்லோர் பக்கமும் பொய்க்கு இடமுண்டு.

'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை' (1983) படத்தில் வேடரின் கையைத் துணித்த லூக், தன் செயற்கைக் கையை நோக்கிப் படைக்கலத்தை எறிந்துவிடுகிறான். தன்னை அறிந்து நிறுத்திக்கொள்வதே இங்கு வெற்றியாகிறது. ஆயின் வேடரின் மீட்சி சிக்கலுடையது. மகனைக் காக்கப் பேரரசனை வீழ்த்தி அவன் உயிர்விடுகிறான். ஆனால் ஆல்டரான் கோள் அழிக்கப்பட்டபோது அக்கோளின் இளவரசி லேயாவைப் பற்றி நிறுத்தியிருந்தவனும் அவனே. மகன் மன்னித்தான், அழிந்த மக்கள் சார்பில் மன்னிப்பவர் யார்? லேயா மன்னித்தாளா என்பதைக்கூடப் படம் காட்டவில்லை.

இக்குறையை ரயன் ஜான்சனின் 'தி லாஸ்ட் ஜெடை' (2017) ஓரளவு நிறைவு செய்கிறது. உறங்கும் மருமகன் பென் அருகே லூக் ஒளிவாளுடன் நின்ற இரவு மும்முறை வெவ்வேறாகச் சொல்லப்படுகிறது. லூக் முதலில் தன் செயலை மறைக்கிறான்; தன்னைக் கொல்ல வந்தான் என்கிறான் பென்; கணநேர அச்சத்தால் வாளை உயிர்ப்பித்து உடனே நாணியதை இறுதியில் லூக் ஒப்புகிறான். கைலோ ரென் என மாறிய பென்னின் கொடுமைகளுக்கு இப்பிழை காரணமாகலாம், நியாயமாகாது. இருவர் குற்றமும் தனித்தனியே நிற்கின்றன.

ஜே. ஜே. ஆப்ராம்ஸின் 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' (2019) இவ்வழியினின்று பின்வாங்குகிறது. எளிய குடியில் பிறந்தவளாகக் கருதப்பட்ட ரே பேரரசனின் பேர்த்தியாக்கப்படுகிறாள். மனத்தில் நிகழ்ந்த போர் மரபுவழிச் சிக்கலாகச் சுருங்குகிறது. கைலோ ரென் அவளைக் காத்து இறக்கிறான். வேடரைப் போலவே அவனுக்கும் வாழ்ந்து பழி சுமக்கும் கடமை இல்லாது போகிறது.

நல்லவனிடம் சிறிது குறையும் தீயவனிடம் சிறிது அன்பும் சேர்ப்பது மட்டும் அற மயக்கமாகாது. திருந்தியவன் தான் இழைத்த தீங்கின் முன் நிற்கவேண்டும். சாவினால் கணக்கை முடிக்கும் தொடர்ப்படங்கள் அவ்விடத்தை நெருங்கியும் கடக்கவில்லை எனலாம்.