லட்டும் தாயத்தும்

கடலூர், சிதம்பரம், பண்ருட்டிப் பக்கம் 2007க்குப் பிறகு பள்ளிக்கூடம் போனவர்கள் நாலு பேர் ஒன்றுசேர்ந்தால் பேச்சு எப்படியும் ஒரு கட்டத்தில் கார்ட்டூனுக்கு வந்துவிடும். ஒருவர் டோரா என்பார். இன்னொருவர் ஜாக்கி சான் என்பார். சோட்டா பீமுக்கு ஈடு எதுவும் இல்லை என்று மூன்றாமவர் நிற்பார். கடைசியில் ‘அவங்கவங்களுக்குப் பிடிச்சது’ என்று சொல்லிக் கலைந்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எது பிடிக்கிறது என்பது அவரவர் விருப்பம். எது நல்ல படைப்பு என்பதைக் காரணம் காட்டிப் பேச முடியும், பேசவும் வேண்டும். ஒரே கதையைச் சலிக்காமல் திரும்பத் திரும்பப் பார்க்கிற வயது வாழ்க்கையில் ஒருமுறைதான் வருகிறது. அந்த வயதில் உள்ளே இறங்குகிற கதையின் தரத்தை யாரும் எடைபோடாமல் விடுவது பிள்ளைகளை மதிக்காத செயல்.

முதலில் கொஞ்சம் பின்னணி. 2007க்கு முந்தைய தலைமுறைக்கு 1990களில் ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் மௌக்லி வந்தான். வந்தவன் இந்தி பேசினான். நம் பிள்ளைகள் படத்தைப் பார்த்தே கதையை ஊகித்துக்கொண்டார்கள். 1995இல் இந்தியாவுக்கு வந்த கார்ட்டூன் நெட்வொர்க் தொடக்கத்தில் ஆங்கிலம் பேசியது. டாம் அண்ட் ஜெர்ரிக்கு மட்டும் மொழிச் சிக்கலே இல்லை. அங்கே பேசுவது இசைதான். 2007 ஏப்ரலில் சன் குழுமத்தின் சுட்டி டிவி தொடங்கியபோது நாள் முழுக்கத் தமிழிலேயே கார்ட்டூன் பார்க்கும் நிலை வந்தது. நான் எடைபோட எடுத்துக்கொள்வது அந்தக் காலத்தில் இங்கே வீடுவீடாக ஓடிய தொடர்களை.

அளவுகோல்களுக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. முதல் அளவுகோல் சிதம்பரத்திலேயே கல்லில் நிற்கிறது. நடராசர் கோயில் கோபுர வாயில்களின் உட்பக்கத்தில் 108 கரணங்கள் சிற்பங்களாக இருக்கின்றன. நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குக் கரணங்களையே ஆய்வுப் பொருளாக எடுத்தவர். கரணம் என்பது உறைந்த நிலை இல்லை, அது ஓர் அசைவு. அந்த அசைவின் ஒரு கணத்தைத்தான் சிற்பி பிடித்திருக்கிறான் என்பது அவருடைய வாதம். தூக்கிய காலைப் பார்த்ததும் அது எங்கிருந்து கிளம்பியது, எங்கே இறங்கப் போகிறது என்று நம் கண் தானாகவே நிரப்பிக்கொள்கிறது. அசைவூட்டப் படத்தின் அடிப்படையும் இதுவே. நொடிக்கு 24 சட்டங்கள் ஓடினாலும், உடம்புக்கு எடை இருக்கிறதா, ஓர் அசைவு அடுத்ததைப் பெற்றெடுக்கிறதா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது அளவுகோல் குரல். தெருக்கூத்து வேரோடிய மண் இது. கூத்தில் கட்டியங்காரன் சபையைப் பார்த்து நேராகப் பேசுவான். அரசனுக்கு ஒரு பேச்சு, அவனுக்கு ஒரு பேச்சு, இரண்டும் கலக்காது. வேற்றுமொழியில் வரைந்த உருவத்துக்குத் தமிழ்க்குரல் தரும்போதும் அதையே கேட்க வேண்டும்: இந்த ஆள் இப்படித்தான் பேசுவான் என்று காது நம்புகிறதா?

மூன்றாவது, கதையில் யாராவது மாறுகிறார்களா என்பது. நான்காவது, வளர்ந்த பிறகு பார்த்தாலும் நிற்கிறதா என்பது.

சோட்டா பீமிலிருந்து தொடங்குகிறேன். ஐதராபாத்தில் ராஜீவ் சிலகா நடத்தும் கிரீன் கோல்டு நிறுவனம் தயாரித்து, 2008இல் போகோ சேனலில் வந்த தொடர். அதற்குரிய பெருமையை முதலில் கொடுத்துவிட வேண்டும். ஜப்பான், அமெரிக்கச் சரக்கே நிரம்பியிருந்த திரையில், வேட்டி கட்டிய ஒரு பையனை வைத்து நாடு முழுக்கப் பிள்ளைகளை உட்கார வைக்க முடியும் என்று நிரூபித்தது அது. பின்னால் வந்த இந்தியத் தொடர்கள் அது போட்ட பாதையில் நடந்தவை.

படைப்பாகப் பார்த்தால் அது முதல் அளவுகோலிலேயே தடுமாறுகிறது. கை, கால், தலை எல்லாம் தனித்தனித் துண்டாக வந்து போகிற அசைவு. பீம் ஓடுவதும் நடப்பதும் எல்லாக் கதையிலும் ஒன்றுபோலவே இருக்கும். செலவைக் குறைக்க எடுத்த வழி என்பதால் அதைக்கூட மன்னித்துவிடலாம். லட்டை மன்னிக்க முடியவில்லை. எவ்வளவு பெரிய எதிரி வந்தாலும் ஒரு லட்டு வாய்க்குள் போகும், புஜம் புடைக்கும், ஒரே குத்தில் எதிரி திரையைத் தாண்டிப் பறப்பான். யோசித்து, தோற்று, மறுபடி முயன்று வெல்கிற கதைகள் அங்கே அரிது. பீமின் போட்டியாளன் காலியா பொறாமைப்படுவான், அடிவாங்குவான், மறுநாள் அதே பொறாமையோடு வருவான். இத்தனை ஆண்டு ஓடியும் அந்தப் பையன் ஓர் அங்குலம் வளரவில்லை. பீமின் தோழி சுட்கி நல்ல பெண், கெட்டிக்காரி. கதை அவளுக்கு அதிகமும் கொடுத்த வேலை லட்டு எடுத்துத் தருவது. கதை நடக்கும் டோலக்பூரில் ராஜா இருக்கிறார், காடு இருக்கிறது, ஆறு இருக்கிறது. மழை பொய்த்தது, வெள்ளம் வந்தது, அறுவடை முடிந்தது என்கிற வாழ்க்கைதான் இல்லை. இந்திய உடை போட்டிருக்கிறதே தவிர, அது எந்த ஊரும் இல்லை.

மோட்டு பட்லுவைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 2012இல் நிக்கலோடியனில் வந்தது. லட்டு இருந்த இடத்தில் சமோசா. அதில் வரும் இன்ஸ்பெக்டர் சிங்கம் துப்பாக்கியை வானத்தைப் பார்த்துச் சுடுவார், தேங்காய் ஒன்று தலையில் விழும். இந்தி மூலத்தில் அவர் பேச்சே தென்னிந்தியரைக் கேலி செய்கிற இழுப்பு. நம்மைப் பார்த்துச் சிரிக்க எழுதியதை நம் பிள்ளைகளுக்கே தமிழில் கொடுத்தபோது கேலி உதிர்ந்து, தேங்காய் மட்டும் மிஞ்சியது. எந்தப் பார்வையாளரை நினைத்து எழுதினார்கள் என்பதைக் குரல் மாற்றி மறைக்க முடியாது.

டோரா வேறு வகை. அமெரிக்காவில் 2000இல் தொடங்கிய தொடர். சுட்டி டிவியில் ‘டோராவின் பயணங்கள்’ ஆனது. அவளோடு வரும் குரங்கு ‘புஜ்ஜி’ ஆனது. டோரா புஜ்ஜி என்று சேர்த்துச் சொன்னால் இன்றைக்கும் தமிழ்நாட்டில் விளக்கம் தேவைப்படாது. இந்தத் தொடரின் உயிர் ஒரு மௌனத்தில் இருக்கிறது. ஆறு எங்கே, பாலம் எங்கே என்று டோரா கேட்பாள். கேட்டுவிட்டு, கண்ணை நம் மேல் வைத்துக் காத்திருப்பாள். வீட்டில் இப்போதுதான் பேசத் தொடங்கிய பிள்ளைகூட எழுந்து நின்று திரையைத் தொட்டுக் காட்டும். குள்ளநரி வரும்போது ‘குள்ளநரி திருடக்கூடாது’ என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தும். கட்டியங்காரன் சபையோடு பேசுவதைப் போல இவள் குழந்தையோடு பேசினாள். தொலைக்காட்சி எதிரே உட்கார்ந்திருப்பவரை வெறுமனே பார்க்க வைக்கும் என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிட நேரான பதில் அன்றைய தமிழ்த் திரையில் இல்லை.

டோராவின் குறையும் அங்கேயே இருக்கிறது. மூன்று இடங்கள், ஒரு வரைபடம், முடிவில் ஒரு கொண்டாட்டம். பயம் இல்லை, இழப்பு இல்லை, தவறான முடிவு இல்லை. மூன்றிலிருந்து ஐந்து வயதுக்கு அது போதும். அந்த வயதுக்கு அது மிகச் சிறந்தது என்றே சொல்வேன். ஆறு வயதில் பிள்ளை அதைத் தாண்டிவிடுகிறது. மூலத்தில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்த டோரா தமிழில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். அந்த இடத்தில் ஒரு நல்ல வாய்ப்பு நழுவியது. ஆங்கிலம் கற்பிக்க ஊரெல்லாம் பள்ளிக்கூடம் இருந்தது. பூவுக்கும் பறவைக்கும் மீனுக்கும் தமிழ்ப் பெயர் கற்பிக்க அந்த அரை மணி நேரத்தைத் தவிர வேறு இடம் பல வீடுகளில் இல்லை.

இனி ஜாக்கி சான் தொடர். அமெரிக்காவில் 2000 முதல் 2005 வரை ஐந்து பருவங்கள், 95 பகுதிகள். தொல்பொருள் ஆய்வாளர் ஜாக்கி, பழம்பொருள் கடை வைத்திருக்கும் சிடுசிடுப்பான மாமா, சொல்பேச்சு கேட்காத பதினோரு வயது ஜேட். சீன ராசிச் சக்கரத்தின் பன்னிரண்டு விலங்குகளுக்குப் பன்னிரண்டு தாயத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சக்தி. பின்னால் இருந்து ஆட்டுவிக்கிற தீயசக்தி ஷெண்டு.

அசைவில் இது மற்றவற்றை எட்டாத் தொலைவில் விட்டுவிடுகிறது. ஜெஃப் மட்சுடா வடிவமைத்த உருவங்கள் கோணல்மாணலான கோடுகள்தான், ஆனால் எல்லாவற்றுக்கும் எடை உண்டு. ஜாக்கி நாற்காலியைப் பிடிப்பார், ஏணிக்குள் புகுவார், மேசைக்கடியில் உருளுவார். குத்திவிட்டு வலியில் கையை உதறுவார். அந்த உதறலைப் பாருங்கள்: அடித்தவனுக்கும் வலிக்கும் என்று ஒரு பிள்ளைக்குச் சொல்ல அந்த ஒரு நொடி போதும். பீமின் குத்து எதிரியைப் பறக்கவிடுகிறது, பீமின் கை எதையும் உணர்வதில்லை.

தாயத்துகளையும் லட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தீர்ப்பு பாதி வந்துவிடுகிறது. காளைத் தாயத்து வரும் பகுதியில் எல் டோரோ என்ற முகமூடி மல்யுத்த வீரன் யாராலும் வெல்ல முடியாதவனாக இருக்கிறான். அவன் முகமூடியில் பதித்த கல்தான் அவன் பலம். ஒரு சிறுவன் அவனைத் தெய்வமாக நினைக்கிறான். பலம் இரவல் என்பதை எல் டோரோ ஒப்புக்கொள்ளும் இடத்தில்தான் அவன் பெரிய ஆளாகிறான். புலித் தாயத்து ஜாக்கியை இரண்டாக உடைக்கிறது: ஒருவர் சண்டையே வேண்டாம் என்கிற சாது, இன்னொருவர் தன்னலக்காரர். இரண்டு பேருமே முழு மனிதர் இல்லை, சேர்ந்தால்தான் ஜாக்கி. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக மனித இயல்பைச் சொல்லிவிட முடியுமா? வெளியிலிருந்து வரும் சக்தி எதைக் கொடுக்கிறது, எதைக் கேட்கிறது என்று இந்தத் தொடர் ஒவ்வொரு தாயத்திலும் விசாரிக்கிறது. லட்டு எதையும் கேட்பதே இல்லை.

மாற்றம் என்ற அளவுகோலுக்கு டோரு ஒருவனே போதும். வில்லன் கூட்டத்தின் அடியாளாக வந்த மலைபோன்ற அந்த ஆள் மனம் மாறி, மாமாவிடம் சீடனாகச் சேர்கிறான். முன்பு கதவை உடைத்துக்கொண்டு வந்தவன், பிறகு கடையில் அடக்கமாக வேலை பார்க்கிறான். ஜேட்டும் கவனிக்க வேண்டியவள். அவள் கீழ்ப்படியாமை பல நேரம் தொல்லையாகவும் சில நேரம் தீர்வாகவும் முடிகிறது; கதை இரண்டுக்கும் கணக்கு வைத்திருக்கிறது.

இங்கே ஓர் உள்ளூர்க் காரணமும் உண்டு. நெய்வேலியில் மின்சாரம் தயாராகும் கடலூர் மாவட்டம்தான் இது. ஆனாலும் 2012 வாக்கில் நாளின் பெரும்பகுதி கரண்டு இருக்காது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபின் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. தொடராகப் பார்ப்பது என்பதே அன்று நடக்காத காரியம். ஜாக்கி சானில் ஒவ்வொரு பகுதியும் தன்னளவில் முழுக்கதை, அதற்கு மேலே தாயத்துத் தேடல் என்ற நீண்ட இழை. நடுவில் மூன்று பகுதி போனாலும் நாலாவதில் நுழைந்துவிடலாம். எந்தத் தாயத்து யாரிடம் என்பதைப் பள்ளிக்கூடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். விட்டுப்போன கதையை ஒருவர் சொல்ல மற்றவர் கேட்கிற பழக்கத்தை அந்தக் கட்டமைப்பு வளர்த்தது.

தமிழ்க்குரலைத் தனியே சொல்ல வேண்டும். மாமாவின் எரிச்சல் நம் தெருக்கோடிப் பெரியவரின் எரிச்சலாகவே காதில் விழுந்தது. செய்தி வாசிக்கிற தமிழைத் தூர வைத்துவிட்டு, வீட்டுத் தமிழை எடுத்தார்கள். மாமா சொல்லும் கண்டனீஸ் மந்திரத்தைத் தொடாமல் அப்படியே விட்டார்கள்; பொருள் புரியாததால்தான் அது மந்திரமாக ஒலித்தது. இந்த வேலையைச் செய்தவர்களின் பெயர் நான் பார்த்தவரை திரையில் வந்ததில்லை. ஒரு தலைமுறையின் காதில் குடியிருக்கும் குரல்களுக்கு இது பெரும் அநீதி.

எதிர்வாதங்கள் இரண்டு. ஒன்று, இது அமெரிக்கக் கண்ணால் பார்த்த ஆசியா. மந்திரமும் பேயும் நிரம்பிய கிழக்கு. உண்மைதான். ஆனாலும் மாமா மந்திரத்தைப் புத்தகம் புரட்டி ஆராய்ந்துதான் கண்டுபிடிக்கிறார், தப்பாகவும் கண்டுபிடிக்கிறார். அறிவை உழைப்பாகக் காட்டுகிற அளவுக்கு அந்தப் பார்வை திருந்தியிருக்கிறது. இரண்டு, பிந்தைய பருவங்கள் ஒரே அச்சில் வார்த்தவை: பன்னிரண்டு தாயத்து முடிந்தால் எட்டு அசுரர், பின்னால் ஒன்பது முகமூடி. இதை நான் முழுதாக ஏற்கிறேன். முதல் பருவத்தின் 13 பகுதிகளே உச்சம். மீதியில் நல்ல தருணங்கள் உண்டு, அதே இறுக்கம் இல்லை. வளர்ந்தபின் பார்த்தபோதும் அந்த 13 அசையாமல் நிற்கின்றன. மற்றவற்றைத் தாண்டித் தாண்டித்தான் பார்க்க முடிந்தது.

ஆகவே என் தீர்ப்பு: ஜாக்கி சான் முதலிடம், அதிலும் முதல் பருவம். டோரா தன் வயதுக்குள் அதற்குச் சமம், வயதைத் தாண்டினால் இல்லை. சோட்டா பீம் வணிகத்தில் மைல்கல், கலையில் பின்தங்கியது. மோட்டு பட்லு கழிக்க வேண்டியது.

இந்த வரிசை நம்மை உறுத்த வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழில் கிடைத்த சிறந்த தொடரில் தமிழாக இருந்தது குரல் மட்டும்தான். திறமை இல்லாததால் இப்படி ஆகவில்லை. 2013இல் சென்னையில் தொடங்கிய சூச்சூ டிவி ஆங்கிலக் குழந்தைப் பாடல்களோடு யூடியூபில் உலகம் முழுக்கப் போனது. வரையத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், குரல் தரத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், நாட்டியாஞ்சலி விழா நடக்கும் சிதம்பரத்தில் அசைவு அறிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நீண்ட கதை ஒன்றைத் தமிழிலேயே எழுதி எடுக்கும் முடிவைத்தான் நான் பார்த்தவரை யாரும் எடுக்கவில்லை. சேனல்களுக்கு வாங்கிக் குரல் சேர்ப்பது மலிவு. 2019இல் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கிய அரசுக்கு அந்தச் சாக்கு கிடையாது. அப்படி ஒரு தொடர் வரும் நாளில் அதையும் இதே நான்கு அளவுகோலில்தான் வைக்க வேண்டும். நம்முடையது என்பதற்காக ஒரு மதிப்பெண்கூடச் சேர்த்துப் போடக் கூடாது.