போரறமும் பெயரேடும்

போர் மூண்டபின் சட்டத்திற்கு இடமேது என்பது நம்மவரிற் பலருடைய எண்ணம். அடிக்க வந்தவன் முறை பார்த்தா அடிப்பான் என்று கேட்டுவிட்டு, அப்பொருளை வழக்கறிஞருக்கும் படைத்தலைவருக்கும் உரியதென ஒதுக்கிவிடுகின்றனர். மற்றொரு சாரார், மேடையேறியதும் புறநானூற்றின் 9-ஆம் பாட்டை எடுத்துக்காட்டி, உலகுக்குப் போரறம் கற்பித்தவன் தமிழனே என முழங்கிக் கைதட்டலுடன் இறங்குவர். முன்னவர் கல்லாமல் ஒதுக்குகின்றனர். பின்னவர் கற்றதை ஆராயாமல் போற்றுகின்றனர். இரண்டாலும் பயனில்லை. ஆகவே அப்பாட்டையும், இக்காலப் போர்ச்சட்டத்திற்கு வித்திட்ட ஒரு சிறு நூலையும் அருகருகே வைத்து ஆராயப் புகுந்தோம்.

9-ஆம் பாட்டு, பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் என்னும் புலவர் பாடியது. அம்பு தொடுக்குமுன் அம்மன்னன் பகைநாட்டாரை நோக்கி, காவலான இடத்திற்குச் சென்றுவிடுங்கள் என்று அறிவிக்கின்றான். அவன் அறைந்து கூறுவது பசுக்களுக்கும், பார்ப்பனருக்கும், பெண்டிருக்கும், பிணியாளருக்கும், முன்னோர்க்குக் கடன் கழிக்கும் புதல்வரைப் பெறாதவருக்குமாம். இதன் சிறப்பை நாம் மறுப்போமல்லோம். தாக்குமுன் எச்சரிக்க வேண்டும் என்பது 1977-ஆம் ஆண்டின் ஜெனீவா இணைப்பு உடன்படிக்கையிலும் ஒரு விதியாக நிற்கின்றது. பிணியாளர்மீது வில் வளைத்தல் வீரமன்று என அத்துணைப் பழங்காலத்தில் ஒரு புலவர் உணர்ந்து பாடினாரெனில், அது நம் மொழிக்குப் பெருமையே.

ஆயினும் அந்த வரிசையை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பசு இருக்கின்றது, பார்ப்பனர் இருக்கின்றனர். ஏர் பிடித்தவன் எங்கே? நெசவாளி எங்கே? கூனிய முதியவர் எங்கே? புதல்வரில்லாதவன் காக்கப்படுவதும் அவன் கையில் வாளில்லை என்பதற்காகவன்று. முன்னோர்க்குரிய சடங்கு முட்டுப்படும் என்பதற்காக. ஆயுதம் ஏந்தாதவன் என்ற ஒரே காரணத்தால் ஒருவனைக் காக்கும் எண்ணம் இப்பாட்டில் இன்னும் பிறக்கவில்லை.

அதே நூலில் 15-ஆம் பாட்டைப் புரட்டுவோம். அதே புலவர்; அதே மன்னன். அங்கே அவர் எதைப் புகழ்கின்றார்? பகைவர் நகரத்துத் தெருக்களைக் கழுதை பூட்டி உழுது பாழ்செய்ததை. விளைந்த வயல்களில் குதிரை பூட்டிய தேரை ஓட்டியதை. காவலுடைய குளங்களில் யானைகளை இறக்கிக் கலக்கியதை. பயிரையும், கால்நடையையும், குடிநீர் நிலையையும் மக்கள் பிழைக்க முடியாதவாறு அழித்தல் கூடாதென 1977-ஆம் ஆண்டு உடன்படிக்கை தடுக்கின்றது. அச்சட்டத்தின் முன் முதுகுடுமி குற்றவாளியாக நிற்பான். நெட்டிமையாரின் பாட்டே சான்றாகும். மேடைப் பேச்சாளர் 9-ஐ அறிவர். 15-ஐ ஏனோ மறந்துவிடுகின்றனர்.

உலகுக்குக் கற்பித்தோம் என்பதும் பொருந்தாது. புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் அச்சேற்றியது 1894-இல். முதல் ஜெனீவா உடன்படிக்கை கையெழுத்தானதோ 1864-இல். அங்குக் கூடியவர் முன் நம் ஏடு இருந்ததில்லை. அவர்கள் முன் இருந்தது வேறொரு நூல்.

சுவிட்ஸர்லாந்து நாட்டு வணிகர் ஹென்றி டுனாண்ட், தம் அல்ஜீரியத் தொழில் குறித்து மூன்றாம் நெப்போலியனைக் காணும் பொருட்டு வட இத்தாலிக்குச் சென்றார். 1859-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் ஸோல்பெரினோவில் நடந்த போரின் விளைவுகளை நேரிற் கண்டார். அருகிலிருந்த காஸ்திலியோனே என்னும் ஊரின் மாதாகோயில் முழுதும் காயம்பட்டோர் கிடந்தனர். அவ்வூர்ப் பெண்டிர் பிரெஞ்சுக்காரன், ஆஸ்திரியன் என்ற பேதம் பாராது அனைவருக்கும் தண்ணீர் கொடுத்துப் புண்ணைக் கழுவினர். இதனை அவர் 1862-இல் நூலாக எழுதித் தம் செலவில் 1,600 படிகள் அச்சிட்டு, ஐரோப்பிய அரசர்க்கும் அறிஞர்க்கும் அனுப்பினார்.

இலக்கியம் என்ற வகையில் அந்நூல் குறையற்றதன்று. முற்பகுதியில் படைகளின் அணிவகுப்பும், தலைவர்களின் பெயரும் பட்டமும் நெடுக வருகின்றன. பழைய பரணி பாடும் மனப்பான்மை அங்கே விடவில்லை. பிற்பகுதியில்தான் நடை மாறுகின்றது. லியோன் நகரத்து இளைஞன் ஒருவன் சாகக் கிடக்கின்றான். பெற்றோருக்கு ஒரே மகன். டுனாண்ட் அவன் பெயரையும் வீட்டு விலாசத்தையும் குறித்துக்கொள்கின்றார். பின்னாளில் அப்பெற்றோருக்கு மகனைப் பற்றிக் கிட்டிய செய்தி அவர் தந்தது ஒன்றுதான். நூலின் உயிர் இவ்விடத்தில் இருக்கின்றதென்போம். நெட்டிமையார் மன்னனை வாழ்த்தி முடிக்கின்றார். டுனாண்டோ, அமைதிக் காலத்திலேயே உதவிச் சங்கங்கள் அமைக்க வேண்டும், நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்ய வேண்டும் என்று கேட்டு முடிக்கின்றார். இரண்டாண்டில் 10 விதிகள் கொண்ட உடன்படிக்கை பிறந்தது. புகழ்ச்சியால் வந்த அறம் மன்னன் மனத்தைப் பொறுத்தது. கையெழுத்தால் வந்த அறம் கணக்குக் கேட்க இடந்தருவது.

ஆனால் அந்த வரிசையும் குறுகியதே. 1864-இல் காக்கப்பட்டவன் காயம்பட்ட போர்வீரன். 1929-இல் சிறைப்பட்ட போர்வீரனுக்கும் விரிவான உடன்படிக்கை வந்தது. அவன் பெயரைப் பதிந்து, அவன் நாட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது விதித்தது. குடிமக்கள்? ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டாரைப் பற்றி 1907-ஆம் ஆண்டின் ஹேக் விதிகளிற் சில வரிகள் இருந்தன. அவர்களுக்கென ஒரு தனி உடன்படிக்கை இல்லை.

அந்த இடைவெளியில் விழுந்தவர் யார் தெரியுமா? நம் தோட்டத்து மக்கள்! 1942-43-இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டனர். அதில் 60,000-க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் உழைத்து, 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலேயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர், பெரும்பாலும் தமிழர், கொண்டுபோகப்பட்டனர். சில மாத வேலை, நல்ல கூலி என நம்பவைத்தனர். பின்னர் வலிந்தும் பிடித்தனர். பசியும் காலராவும் அவர்களிற் பல்லாயிரவரைக் கொண்டுபோயின.

ஜப்பான் 1929-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கையொப்பமிட்டும் அதனை உறுதிசெய்யவில்லை. கைதிகளும் கொடுமைக்கே ஆளாயினர். ஆகவே சட்டம் இருந்திருந்தால் நம்மவர் பிழைத்திருப்பர் என நாம் துணிந்து கூறோம். எனினும் காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்று பாருங்கள். கிட்டத்தட்ட 7,000 போர்க்கைதிகள், பெரும்பாலோர் தனித்தனிக் குழிகளில் பெயரெழுதிய கற்களின்கீழ், உறங்குகின்றனர். அதே பாதையில் மாண்ட நம்மவருக்கு அத்தகைய வரிசை எங்கே? காலைப் பெரட்டில் நாள்தோறும் பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர்கள் அவர்கள். ரப்பர்ப் பாலின் கணக்குக்குப் பெயரேடு இருந்தது. உயிரின் கணக்குக்கு இல்லாமற் போயிற்று. மீறப்பட்ட சட்டமும் பின்னர் வழக்காட ஒரு பிடி தரும். எழுதப்படாத சட்டத்தை எதைக்கொண்டு பிடிப்பது?

1949-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12-இல் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை 159 விதிகளுடன் எழுந்தது. அது முழுவதும் குடிமக்களைக் காப்பதற்கென்றே அமைந்தது. 49-ஆம் விதி, ஆக்கிரமித்த நாட்டிலிருந்து மக்களை வலிந்து வெளியேற்றுவதைத் தடுக்கின்றது. 51-ஆம் விதி, 18 வயது நிரம்பாதவரை வேலைக்குக் கட்டாயப்படுத்தலாகாது, வேலை வாங்கினும் அவர்கள் இருக்கும் நாட்டுக்குள்ளேயே வாங்க வேண்டும், தகுந்த கூலி கொடுக்க வேண்டும் என்கின்றது. இவ்விரண்டையும் படிக்கும்போது சயாம் பாதை நம் கண்முன் நிற்கின்றது. மலேயா 1962-இலும் சிங்கப்பூர் 1973-இலும் இவ்வுடன்படிக்கைகளில் சேர்ந்தன.

இச்சட்டம் இன்றும் பல நாடுகளில் மீறப்படுவதை நாம் அறிவோம். அதனாலேயே இதைப் பயனற்றதென்பது, திருட்டு நடப்பதால் பூட்டைக் கழற்றி எறிவதை ஒக்கும். இன்னும் ஒன்று. அந்த நான்காம் உடன்படிக்கையின் 144-ஆம் விதி, இதனை அமைதிக் காலத்திலும் பரப்ப வேண்டும், படையினர்க்கும், இயலுமாயின் பொதுக் கல்வியிலும், கற்பிக்க வேண்டும், குடிகள் அனைவரும் அறிய வேண்டும் என்கின்றது. ஆகவே இதைக் கற்பது வழக்கறிஞரின் தனியுரிமையன்று. நமக்கு எழுதித் தரப்பட்ட உரிமை.

ஆதலின், தோழர்களே, நம் படிப்பகங்களில் புறநானூற்றை வையுங்கள். 9-ஐயும் 15-ஐயும் சேர்த்தே படியுங்கள். அதனருகில் இந்த 159 விதிகளையும் எளிய தமிழில் வையுங்கள். ஒவ்வொன்றைப் படிக்கும்போதும், இதில் யார் பெயர் இருக்கின்றது, யார் பெயர் விடுபட்டது என்று கேளுங்கள். சயாமுக்குச் சென்று திரும்பாத பாட்டனோ பெரியப்பனோ உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர் பெயரையும், தோட்டத்தையும், போன ஆண்டையும் மூத்தோரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். லியோன் நகரத்து இளைஞனுக்கு டுனாண்ட் செய்தது அவ்வளவே.