வெறும் நிலத்தை எப்படி ரசிப்பது?

வினிபெக்கில் காரை எடுத்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. டொரோண்டோவிலிருந்து வந்திருந்த என் சித்தப்பா மகன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவன், கடைசியில் என் பக்கம் திரும்பினான். "என்னண்ணை, இங்க ஒண்டுமே இல்லையே?"

ஏப்ரல் முதல் வாரம். பாதிப் பனி போய்விட்டது; மீதிப் பனி சாலையோரப் பள்ளங்களில் அழுக்காகக் கிடந்தது. வயல்களில் போன வருடத்து அறுவடைத் தாள். மரங்களில் ஒரு இலை இல்லை. அவன் கேட்டதில் தவறில்லை. கனடாவின் பிரெய்ரிச் சமவெளியை முதன்முதலில் பார்க்கும் யாரும் இதைத்தான் கேட்பார்கள். டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையில் வினிபெக்கிலிருந்து கால்கரி வரை சுமார் 1,330 கிலோமீட்டர். பலர் அதை ஒரு தண்டனை போல ஓட்டிக் கடக்கிறார்கள்.

எனக்கோ அந்த நிலத்தைப் பார்க்க அதுதான் சரியான பருவம் என்று படுகிறது. ஜூலையில் கனோலா மஞ்சளும் கோதுமைப் பச்சையும் அதை மூடிவிடும். ஜனவரியில் பனி மூடிவிடும். மார்ச் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை சில வாரங்கள்தான் அது போர்வை விலக்கிப் படுத்திருக்கிறது. அதன் மேடு, பள்ளம், தழும்பு எல்லாம் அப்போதுதான் தெரியும்.

முதலில்: திட்டம் போடாதீர்கள்

இந்தப் பயணத்தை இரண்டு மாதம் முன்பே குறித்துவைத்தால் ஏமாறுவீர்கள். ஏப்ரலில் ஒரு நாள் 15 டிகிரி வெயில் அடிக்கும். மறுநாளே பனிப்புயல் வந்து நெடுஞ்சாலையை மூடும். வாத்துகள் என்று வரும், பூ என்று விரியும் என்பதெல்லாம் அந்த வருடத்து வெயிலைப் பொறுத்தது. அதனால் வியாழக்கிழமை இரவு வானிலை பாருங்கள். மூன்று நாள் வானம் தெளிந்திருக்கும் என்றால் வெள்ளிக்கிழமை காலை கிளம்புங்கள். ஈஸ்டர் விடுமுறை பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான் வருகிறது.

நேரத்தில் ஒரு சின்ன லாபமும் உண்டு. சஸ்காட்சுவன் மாகாணத்தின் பெரும்பகுதியில் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தைத் திருப்பும் வழக்கம் இல்லை. ஆகவே ஏப்ரலில் மானிடோபாவிலிருந்து எல்லை தாண்டும்போது ஒரு மணி நேரம் கையில் கூடுதலாகக் கிடைக்கும். அதை ஓட்டுவதில் செலவழிக்காமல் நிற்பதில் செலவழியுங்கள்.

கோடுகளை எண்ணுங்கள்

சஸ்காட்சுவனுக்குள் நேர் மேற்கே போகும்போது, வடக்கு தெற்காகக் குறுக்கே வரும் மண் சாலைகளைக் கவனியுங்கள். ஒரு மைலுக்கு ஒன்று. 110 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஏறத்தாழ 53 விநாடிக்கு ஒன்று. சில இடங்களில் சாலை போடாமலே விட்டிருப்பார்கள். அங்கேகூட வேலியோ மர வரிசையோ அந்தக் கோட்டைக் காட்டிக்கொடுக்கும்.

இது 1871இல் தொடங்கிய நில அளவையின் கைவேலை. வினிபெக்குக்குச் சற்று மேற்கே முதல் தீர்க்கக் கோட்டை நிறுவி, அங்கிருந்து மேற்கே முழு நிலத்தையும் மைலுக்கு மைல் கட்டங்களாக அறுத்தார்கள். ஒரு கட்டம் 640 ஏக்கர். அதில் கால் பங்கான 160 ஏக்கரை 10 டாலர் கட்டணத்துக்குக் குடியேறிகளுக்குக் கொடுத்தது 1872ஆம் ஆண்டுச் சட்டம். இன்றும் இங்கே விவசாயிகள் நிலத்தை 'குவார்ட்டர்' கணக்கில்தான் பேசுகிறார்கள்.

இதில் நான் மிகவும் ரசிப்பது ஒரு பிசகு. உலகம் உருண்டை, வடக்கே போகப் போகத் தீர்க்கக் கோடுகள் நெருங்கும். சதுரம் சதுரமாக அறுத்துக்கொண்டே போனால் கணக்கு உதைக்கும். அதனால் 24 மைலுக்கு ஒரு தரம் கோடுகளைத் திருத்தி மறுபடி தொடங்கினார்கள். வடக்கு தெற்கான கிராமச் சாலை ஒன்றில் போய்ப் பாருங்கள். ஆறும் இல்லை, மலையும் இல்லை, சாலை திடீரென்று கொஞ்சம் ஒடிந்து, பிறகு நேராகப் போகும். பூமி உருண்டை என்பதைக் கார் ஸ்டியரிங்கில் உணரக் கிடைக்கும் இடம் அது.

தேங்கிய தண்ணீர்

வயலுக்கு நடுவே தட்டுத் தட்டாகத் தண்ணீர் நிற்கும். ஊரார் அதை 'ஸ்லூ' என்பார்கள். மழைத் தேக்கம் என்று எண்ணிக் கடந்துபோகாதீர்கள். பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன் பனிப்பாறைகள் பின்வாங்கியபோது புதைந்து நின்ற பனிக்கட்டிகள் உருகி விட்டுப்போன குழிகள் பல அவற்றில் உண்டு. மூஸ் ஜா நகரைத் தாண்டி மேற்கே நிலம் மேடும் பள்ளமுமாகக் குலுங்கும் இடத்தில் இவை நிறைய. வட அமெரிக்க வாத்துகளில் பெரும் பங்கு இந்த மாதிரிக் குட்டைகளை நம்பித்தான் குஞ்சு பொரிக்கிறது. கோடையில் பல குட்டைகள் வற்றிவிடும். ஏப்ரலில் நிறைந்து நிற்கும். மாலை வெயிலில் ஒவ்வொன்றும் வெண்கலத் தாம்பாளம்.

மானிடோபாவின் தட்டை வேறு வகை. வினிபெக்கைச் சுற்றியுள்ள நிலம் அகாசி என்ற பழைய பனிக்கால ஏரியின் அடித்தரை. அதனால்தான் மேசை போல இருக்கிறது. அங்கே ஓடும் ரெட் ஆறு தெற்கிலிருந்து வடக்கே பாய்கிறது. வசந்தம் தெற்கில் முதலில் வருகிறது. அங்கே பனி உருகித் தண்ணீர் புறப்பட்டு வரும்போது வடக்கில் ஆறு இன்னும் உறைந்தே கிடக்கும். தட்டை நிலத்தில் தண்ணீர் வேறு எங்கே போகும்? 1950இலும் 1997இலும் வந்த பெருவெள்ளங்களை ஊர் இன்னும் மறக்கவில்லை. நகரைச் சுற்றித் தண்ணீரைத் திருப்பிவிட 1962 முதல் 1968 வரை 47 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டினார்கள். அப்போதைய மாகாணப் பிரதமர் டஃப் ராப்ளின். 'டஃபின் குழி' என்று கேலி செய்தார்கள். 1997இல் அந்தக் குழிதான் நகரைக் காத்தது.

இன்னொரு வேடிக்கை சஸ்காட்சுவனில் சாப்ளின் என்ற ஊரில். நெடுஞ்சாலை ஓரத்திலேயே வெள்ளை வெளேரென்று மேடுகள் தெரியும். "இவ்வளவு பனி எப்படி மிஞ்சிச்சு?" என்றான் தம்பி. பனி அல்ல, சோடியம் சல்பேட். அங்குள்ள உப்பு ஏரியிலிருந்து எடுத்துக் குவிக்கிறார்கள்.

குனியுங்கள்

தெற்கு பார்த்த சரிவு எதுவானாலும் இறங்கி நடந்து பாருங்கள். பனி முதலில் உருகுவது அங்கேதான். காய்ந்த புல்லுக்கு நடுவே ஊதா நிறத்தில், விரல் உயரத்தில் ஒரு பூ. இதழின் வெளிப்புறமும் தண்டும் பூனைக்குட்டி போல மென்மயிர் போர்த்தியிருக்கும். அந்த மயிர் குளிரைத் தாங்கும் கம்பளி. பிரெய்ரி குரோகஸ் என்பார்கள். உண்மையில் அது குரோகஸே அல்ல, அனிமோன் இனம். மானிடோபா 1906இலேயே இதைத் தன் மாகாணப் பூவாக ஏற்றது.

இந்தப் பூ ஒரு செய்தியும் சொல்லும். ஏர் பட்ட மண்ணில் இது லேசில் திரும்பி வருவதில்லை. கூட்டம் கூட்டமாகக் குரோகஸ் நிற்கிறது என்றால் அந்த இடம் பெரும்பாலும் உழப்படாத பழைய புல்வெளி. சமவெளியின் பெரும்பகுதி உழப்பட்டுவிட்டது. ஆகவே இந்தப் பூ மிச்சமிருப்பதைக் காட்டும் அடையாளம். பறிக்காதீர்கள். சாறு பட்டால் தோல் எரியும்.

பக்கத்திலேயே ஒரு வளையிலிருந்து முளைக்குச்சி போல ஏதோ எழுந்து நிற்கும். அது கோஃபர், தரை அணில். ஆண்கள் பனி இருக்கும்போதே உறக்கம் கலைந்து வெளியே வருகின்றன. பெண்கள் இரண்டு மூன்று வாரம் கழித்து. விவசாயிக்கு அது தொல்லை. பருந்துக்கு அது வசந்த விருந்து. ஒவ்வொரு மின்கம்பத்தையும் பாருங்கள், விருந்தாளி உட்கார்ந்திருப்பார்.

காரை அணைத்துவிட்டுக் கேளுங்கள்

இதற்குக் கட்டாயம் எஞ்சினை நிறுத்த வேண்டும். கிராமச் சாலையில் ஓரமாக நின்று கண்ணாடியை இறக்குங்கள். முதல் ஒரு நிமிடம் காற்று மட்டும். பிறகு வேலிக் கம்பத்திலிருந்து புல்லாங்குழல் போல ஒரு துண்டு ராகம் இறங்கிவரும். மெடோலார்க் பறவை. மஞ்சள் மார்பில் கறுப்பாக ஒரு 'வி' இருக்கும். இந்த ஊர்க்காரர்களுக்கு நாள்காட்டி சொல்வது வசந்தம் அல்ல. மெடோலார்க் கேட்ட நாள்தான் வசந்தம்.

உயரத்தில் வாத்துக் கூட்டங்கள் வடக்கே போகும். அதற்கும் மேலிருந்து மரக்கதவு கீச்சிடுவது போல உருண்டு வரும் ஒலி கேட்டால் அது சாண்ட்ஹில் கொக்கு. அதன் மூச்சுக்குழல் மார்பெலும்புக்குள் சுருண்டு கிடப்பதால் குரல் வெகுதூரம் போகும். பறவைகளுக்காகவே ஒரு நாள் ஒதுக்க முடியுமானால் ரெஜைனா நகருக்கு வடக்கே லாஸ்ட் மவுண்டன் ஏரிக்குப் போங்கள். 1887இல் பாதுகாக்கப்பட்ட இடம். வட அமெரிக்காவில் மத்திய அரசு அறிவித்த முதல் பறவைச் சரணாலயம் அதுதான்.

கோபுரமும் பருப்பும்

தூரத்தில் ஒரு ஊர் வருகிறது என்பதை முதலில் சொல்வது கிரெய்ன் எலிவேட்டர். மரத்தாலான உயரமான தானியக் கிடங்கு. விவசாயி குதிரை வண்டியில் தானியம் ஏற்றி வந்து அன்றே வீடு திரும்பும் தூரத்தில், ரயில் பாதை நெடுக இவற்றைக் கட்டினார்கள். 1930களில் ஐயாயிரத்துக்கும் மேல் இருந்தன. லாரியும் பெரிய கான்கிரீட் கிடங்குகளும் வந்த பிறகு பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. மானிடோபாவின் இங்லிஸ் என்ற சிற்றூரில் வரிசையாக ஐந்து மட்டும் தேசிய வரலாற்றுச் சின்னமாகக் காக்கப்பட்டு நிற்கின்றன.

இந்த வெறும் வயல்களுக்கும் நம் அடுக்களைக்கும் ஒரு தொடர்பு உண்டு. உலகில் மிக அதிகம் பருப்பு ஏற்றுமதி செய்யும் நாடுகளில் கனடா முன்னிலையில் இருக்கிறது. கனடாவில் விளையும் மைசூர் பருப்பு வகைகளில் பெரும்பகுதி சஸ்காட்சுவன் மண்ணில்தான் விளைகிறது. 1970களுக்கு முன் இங்கே அது பெரிய பயிரே அல்ல. சஸ்காட்சுவன் பல்கலைக்கழகம் இந்தக் குளிர் நாட்டுக்கேற்ற ரகங்களை உருவாக்கிய பிறகு பரவியது. இதைச் சொன்னதும் தம்பி ஜன்னல் பக்கம் திரும்பினான். "அப்ப அம்மா வைக்கிற பருப்புக்கறி இங்கயிருந்தா வருது?" இருக்கலாம் என்றேன். அதற்குப் பிறகு அவன் 'ஒண்டுமே இல்லை' என்று சொல்லவில்லை.

கட்டங்களுக்கு முன்னால்

வயலில் தனியாக ஒரு பெரும் பாறை நின்றால் அதன் ஓரங்களைத் தொட்டுப் பாருங்கள். சில பாறைகள் வழவழவென்று இருக்கும்; சுற்றிலும் மிதித்த பள்ளம். காட்டெருமைகள் தலைமுறை தலைமுறையாக உடம்பு தேய்த்த பாறைகள் அவை. 1880களுக்குள் அந்த மந்தைகள் அநேகமாக அழிக்கப்பட்டன. ரெஜைனா நகரின் பழைய பெயரே 'எலும்புக் குவியல்'. கிரீ பூர்வகுடி மக்கள் அங்கே காட்டெருமை எலும்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள். 1882இல் விக்டோரியா அரசியைப் பெருமைப்படுத்தப் பெயரை மாற்றினார்கள். நகரின் நடுவே ஓடும் வஸ்கானா ஓடையின் பெயரில் மட்டும் அந்தக் கிரீச் சொல் மிஞ்சியிருக்கிறது. நீங்கள் எண்ணிக்கொண்டு வந்த கட்டங்கள் இந்த நிலத்தின் மிகச் சமீபத்திய எழுத்து என்பதை அந்தப் பாறை நினைவூட்டும்.

சேறு பற்றி ஒரு எச்சரிக்கை

ரெஜைனா வட்டாரத்துக் களிமண்ணை 'கம்போ' என்பார்கள். ஒரு ஸ்லூவைக் கிட்டப் பார்க்கும் ஆசையில் நான் மண் சாலையில் காரை இறக்கினேன். நாற்பது அடி போயிருப்போம். சக்கரம் நான்கிலும் மண் அப்பி, தயிர் கடைந்தது போலச் சுழன்றதே தவிர நகரவில்லை. பிக்கப் வண்டியில் வந்த ஒரு விவசாயி சங்கிலி போட்டு இழுத்துவிட்டார். பணம் வாங்கவில்லை. ஈரம் காயும்வரை சரளைச் சாலையைத் தாண்டாதே என்று மட்டும் சொன்னார். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

டாங்கில் பாதிக்குக் கீழே எரிபொருள் இறங்க விடாதீர்கள். கம்பளி, மண்வெட்டி, தண்ணீர், ரப்பர் பூட்ஸ் வண்டியில் இருக்கட்டும். கிளம்புமுன் மாகாண அரசின் சாலை நிலவர அறிவிப்பைப் பாருங்கள். அந்தி நேரத்தில் மான் குறுக்கே பாயும். அடுத்தவர் வயலில் கேட்காமல் இறங்காதீர்கள். சஸ்காட்சுவனில் 2022 முதல் முன் அனுமதி கட்டாயம் என்பது சட்டம். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

ஒரு நாளைக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாதீர்கள். நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறையாவது இறங்குங்கள். மே மாதம் விதைப்பு தொடங்கிவிடும். ஜூனில் பச்சை எழும்பி எல்லாவற்றையும் மூடிவிடும். அதற்குள் ஒரு வியாழக்கிழமை இரவு வானிலையைப் பாருங்கள்.