பந்தை நிறுத்தத் தெரிந்தவர்கள்

நம் மண் வளர்த்த ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதும்படி நம் சங்க மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். கோவில்பட்டி ஹாக்கியின் பழைய டீம்களையும் பள்ளி மைதானங்களையும் நம் உறுப்பினர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்த வரிசையில் ஒருவர் பெயர் விடுபட்டாலும் ஒரு வீட்டார் மனம் நோகும் என்பதால், நாடறிந்த பெயர்களை மட்டும் சொல்கிறேன்.

சென்னை ஆட்டம் ஒரு தனி வழி. 1964 டோக்கியோ தங்கத்தில் பங்குள்ள வி.ஜே. பீட்டர், 1975 உலகக் கோப்பை வென்ற அணியில் ஆடிய அவர் தம்பி பிலிப்ஸ், 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற அணிக்குத் தலைமை தாங்கிய பாஸ்கரன் என்று அதற்குப் பெரிய பரம்பரை உண்டு. அதை வணங்குகிறேன். ஆனால் நம் வழி கரிசலில் பிறந்தது.

திருவேங்கடத்திலிருந்து பஸ் பிடித்துக் கோவில்பட்டிக்கு ஆடப் போன காலத்தில் எங்களுக்கு வாய்த்த டிரில் மாஸ்டர், முதல் மூன்று மாதம் எவனையும் பந்தை அடிக்க விடவில்லை. நிறுத்து, நிறுத்து, நிறுத்து, அவ்வளவுதான். கோடையில் பாளம் வெடித்த தரையில் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. ஸ்டிக்கின் பிடியைப் பந்து வரும் பக்கம் சாய்க்க வேண்டும், வலக்கையைத் தளர்த்த வேண்டும், கண் கடைசிவரை பந்தைவிட்டு அகலக் கூடாது. "ஏலே, பந்தோட மல்லுக்கு நிக்காத, அது வந்து உக்காரட்டும்" என்பார். தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் எல்லைக்கோட்டில் நின்று, கோலுக்குத் தட்டாத கையை நல்ல ஸ்டாப்புக்குத் தட்டுவார்கள்.

2022 மே மாதம் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் நம் கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் வளர்ந்த இருவர் இந்தியாவுக்கு ஆடினார்கள். மாரீஸ்வரன் உள்ளூர்ப் பிள்ளை. கார்த்தி அரியலூர்க்காரர். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே 9-வது நிமிடத்தில் கோல் போட்டார் கார்த்தி. அந்தத் தொடரில் நமக்கு வெண்கலம். 2023-இல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியிலும் அவர் இருந்தார். வெளியூரில் பிறந்தவரை நம்மவர் என்பதா என்று மூத்தவர் சிலர் கேட்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் வேலை பழகிய பட்டறைதான் ஒரு ஆட்டக்காரனுக்குச் சொந்த ஊர். கார்த்தி நம்மவர்தான்.

இன்றைய பயிற்சியாளர்கள் எவரையும் நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்குள்ள நெருக்கடி எனக்குத் தெரியும். 1976 மாண்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரைக்குப் போன பிறகு வேகமும் உடல்வலுவும் இல்லாமல் ஆட முடியாது என்பதும் உண்மை. ஆனால் அண்மையில் ஒரு போட்டியில், இரண்டு பெனால்டி கார்னர்கள் பந்தை நிறுத்தத் தெரியாமலே வீணானதைப் பார்த்தேன். வழுவழுத் தரையில், குண்டூசி மாதிரி நேராக வந்த பந்து! டிராக் ஃப்ளிக் பழகப் பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பந்தை நிறுத்திக் கொடுப்பவனாக நிற்க ஒருவனும் வருவதில்லை. கோல் போட்டவனை மட்டும் போட்டோ எடுக்கிறோம். விளையாட்டு இட ஒதுக்கீட்டுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் ஸ்டிக் பரணுக்குப் போகிறது. பிள்ளைக்கு விலையுயர்ந்த ஷூ வாங்கிக் கொடுக்கும் தகப்பனார், காலையில் அரை மணி நேரம் எதிரே நின்று பந்து உருட்டிவிட மறுக்கிறார். நிறுத்தத் தெரியாதவன் பாஸ் கேட்கிறான், பாஸ் வராவிட்டால் கோபிக்கிறான், கோபத்தில் கார்டு வாங்குகிறான், டீம் பத்துப் பேராக ஆடுகிறது. இத்தனைக்கும் வேர் அந்த ஒரு ஸ்டாப்தான். இதைச் சொன்னால் பழங்காலத்து ஆள் என்கிறார்கள்.

சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த போட்டியில் அதிக கோல் போட்டவருக்குக் கொடுக்கும் பரிசுக்குப் பக்கத்தில், பந்தை நன்றாக நிறுத்தியவருக்கும் ஒன்று கொடுங்கள். எங்கள் மாஸ்டர் பெயரில் இருக்கட்டும். கேடயத்துக்கு ஆகும் செலவு என்னுடையது.