அழியா அரசியும் அணையாச் சுடரும்

மூப்பும் சாக்காடும் தன்னை அணுகாதிருத்தல் வேண்டும் என்பது மனிதன் தொன்றுதொட்டுக் கண்டுவரும் கனவு. அக்கனவையே கருவாகக் கொண்டு ஆங்கில நாவலாசிரியர் றைடர் ஹகாட் புனைந்த 'ஷீ', 1886ஆம் ஆண்டிலே தொடர்கதையாக வெளிவரத் தொடங்கியது. அதனைத் தழுவியெழுந்த திரைப்படங்கள் பல. அவற்றுள் 1935இல் மெரியன் கூப்பர் தயாரித்த படமும், 1965இல் றொபட் டே நெறிப்படுத்திய படமும் ஒப்புநோக்கத்தக்கன.

'கிங் கொங்' (1933) படத்தாற் பெயர்பெற்ற கூப்பர், நாவலின் ஆபிரிக்கக் குகைகளை விடுத்துக் கதையை வடதுருவப் பனிவெளிக்கு மாற்றினார். இம்மாற்றம் காட்சிக்கு மட்டுமன்றிப் பொருளுக்கும் பொருந்துவதாயிற்று. பனியில் உறைந்தது அழிவதில்லை, வளர்வதுமில்லை. அரசியின் உள்ளமும் அத்தகையதே. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் மாண்ட காதலனையே நினைந்திருந்தவள், அவன் வழித்தோன்றலான லியோவை அவனாகவே கொள்கிறாள். எதிரே நிற்பவன் வேறொருவன் என்பது அவளுக்குப் புலப்படுவதேயில்லை. சுடரானது உடலின் முதுமையோடு உள்ளத்தின் முதிர்ச்சியையும் தடுத்துவிட்டது போலும். ஹெலன் கஹேகனின் நிமிர்ந்த தோற்றமும் அசைவற்ற முகமும் இக்கருத்துக்கு உருவம் தருகின்றன. அவர் நடித்த திரைப்படம் இஃதொன்றே.

லியோவின் தயக்கத்தைப் போக்கும் பொருட்டு மீண்டும் சுடரினுட் புகும் அரசி, சில கணங்களில் மூப்பெய்தி மடிகிறாள். தந்த சுடரே தந்ததைத் திரும்பப் பெறுகின்றது. ஆயின் படம் அவ்வளவில் நிற்கவில்லை. தப்பி மீண்டோரைக் கணப்படுப்பின் அருகிருத்தி, இல்லறத்தின் இனிமையைப் பேசவைத்து நிறைவுறுகின்றது. எழுப்பிய வினாவின் கடுமை இதனாற் குன்றிவிடுகின்றது.

1965ஆம் ஆண்டுப் படம் காட்சி மாண்பில் முன்னதற்கு ஈடாகாது. எனினும் முடிவில் அது துணிவுடையது. அரசியோடு சுடரிற் புகும் லியோ சாவாமை பெறுகிறான், அவளோ மடிகிறாள். விரும்பிய துணையை இழந்து, பெற்ற நெடுவாழ்வே சுமையாக, அச்சுடர் மீண்டும் தோன்றும் நாளை அவன் எதிர்நோக்கி நிற்கிறான். பாரதத்து அசுவத்தாமனுக்கு நெடுவாழ்வே சாபமாய் அமைந்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

முன்னைய படம் சாவாமையின் தோற்றத்தைக் காட்டுகின்றது. பின்னையதன் இறுதிக்காட்சியோ அதன் விலையைக் காட்டுகின்றது. கதையின் உயிர்நிலை அவ்விலையிலேயே உள்ளது.