கிணறு நிரம்பிய பிறகு

1947 மார்ச்சில் ராவல்பிண்டி மாவட்டத்துத் தோவா கால்சா கிராமத்தில் சீக்கியப் பெண்கள் தொண்ணூறு பேர் வரை கிணற்றில் குதித்தார்கள். எதிரிகளின் கையில் சிக்குவதைவிடச் சாவதே மேல் என்று முடிவாகியிருந்தது. யார் எடுத்த முடிவு என்று சொல்பவர்கள் குறைவு. சில பெண்களை வீட்டு ஆண்களே வாளால் வெட்டினார்கள். பீஷ்ம சாஹ்னியின் ‘தமஸ்’ நாவலும், 1988இல் கோவிந்த் நிஹலானி அதைத் தொலைக்காட்சித் தொடராக்கியதும் அந்தக் கிணற்றை நாடறியச் செய்தன. அங்கே நம் மனத்தில் தங்குவது, பெண்கள் வரிசையாக நடந்துபோகும் கம்பீரம்தான்.

ஊர்வசி புட்டாலியாவின் ‘தி அதர் சைட் ஆஃப் சைலன்ஸ்’ (1998) நூலை மாணவிகளோடு வாசிக்கும்போது நான் நின்றுவிடுவது வேறோர் இடத்தில். கிணறு நிரம்பிவிட்டது. கடைசியில் குதித்தவர்களுக்கு மூழ்கத் தண்ணீர் இல்லை. அப்படிப் பிழைத்த ஒரு பெண்ணும் அவருடைய மகனும் இந்த நூலில் பேசுகிறார்கள். தகப்பன் வாளை ஓங்கியபோது தன் அக்கா தானே பின்னலை ஒதுக்கிக் கழுத்தைக் கொடுத்ததை மகன் பெருமையோடு விவரிக்கிறார். அம்மா பிழைத்துவந்ததைப் பற்றி அவரிடம் கதை எதுவும் இல்லை.

‘தலைமுறை கடந்த மனக்காயம்’ என்று கல்விப்புலத்தில் சொல்கிறோம். ஏதோ சர்க்கரை நோய்போல ரத்தத்தில் தானாக இறங்கிவருவதாகத் தொனிக்கும் இந்தச் சொல் எனக்கு உவப்பானதல்ல. வீட்டில் ஒருவர் சொல்கிறார், ஒருவர் வாய்மூடியிருக்கிறார். பெண்களைத் தனியே பேசவைப்பதே பெரும்பாடாக இருந்ததைப் புட்டாலியா எழுதுகிறார். கணவனோ மகனோ பக்கத்தில் இருந்தால் பேச்சு அவர்கள் கைக்குப் போய்விடும். வெட்டுண்ட அத்தையின் கதையைக் கேட்டு வளரும் பெண்பிள்ளையிடம், மானத்துக்கு ஆபத்து வந்தால் இந்த வீட்டுப் பெண் என்ன செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்தே வந்துவிடுகிறது. குதித்தும் சாகாமல் கரையேறி, அதன்பின் பல ஆண்டுகள் வாழ்ந்த பாட்டியின் கதை அவளுக்குக் கிடைத்தால் அவள் வேறு மாதிரி யோசிக்கக்கூடும். இதற்காகவே இந்நூலைப் பாடமாக வைக்க வேண்டும் என்பேன்.

புட்டாலியாவின் சொந்த வீட்டிலும் இப்படியொரு இடைவெளி உண்டு. பிரிவினையின்போது அவருடைய தாய்மாமா லாகூரிலேயே தங்கி இஸ்லாத்துக்கு மாறினார். பாட்டியைத் தன்னோடு நிறுத்திக்கொண்டார், பாட்டியும் மதம் மாறினார். சொத்துக்காகத்தான் நிறுத்தினார் என்பது இந்தியாவில் இருந்த குடும்பத்தின் கதை. 1987இல் பேத்தி எல்லை தாண்டிப் போனபோது பாட்டி உயிரோடு இல்லை. பாட்டி எப்படி மதம் மாறினார் என்பதையும் மாமாவிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.