கேள்வியில் எவ்வளவு போச்சு, பதிலில் எவ்வளவு வந்தது?

2025 நவம்பரில் ஒரு வார இடைவெளியில் இரண்டு தீர்ப்புகள். 4ஆம் தேதி லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது: ஸ்டேபிள் டிஃப்யூஷன் மாடலுக்குள் கெட்டி இமேஜஸின் படங்கள் சேமிக்கப்படவில்லை, ஆகவே மாடலை 'அத்துமீறிய பிரதி' எனச் சொல்ல முடியாது. 11ஆம் தேதி மியூனிக் நீதிமன்றம் சொன்னது: ஓப்பன்ஏஐ மாடல்கள் 9 ஜெர்மன் பாடல்களின் வரிகளை மனப்பாடம் செய்திருக்கின்றன, அந்த மனப்பாடமே பிரதி எடுத்ததுதான்.

நாடு வேறு, சட்டம் வேறு. ஆனாலும் லண்டன் வாதம் எனக்கு ஒப்பவில்லை. மாடலைத் திறந்தால் வெறும் எண்கள்தான் இருக்கும், உண்மை. ஜிப் ஃபைலைத் திறந்து பார்த்தாலும் பாட்டு கண்ணுக்குத் தெரியாதே! மாடல் ஜிப் இல்லைதான். படிச்சதில் பெரும்பகுதியை அது அப்படியே திருப்பித் தராது. ஆனா தர்ற கொஞ்சத்துக்குக் கணக்கு கேட்கலாம் இல்லையா?

என் அளவுகோல் எளிது. கேள்வியில் எவ்வளவு போச்சு, பதிலில் எவ்வளவு வந்தது? மியூனிக் வழக்கில் கேள்விகள் சாதாரணமானவை. பதிலில் வந்தது பாடல் வரிகள். மிச்சம் எங்கிருந்து வந்திருக்கும்? அவ்வளவு நீளமான வரிகள் தற்செயலாக ஒத்துப்போகாது என்றது நீதிமன்றம். 'கேட்டவர்தான் பொறுப்பு' என்ற நிறுவனத்தின் வாதத்தையும் ஏற்கவில்லை. அதுவே ஒருவர் பாதிப் பாட்டை ஒட்டிவிட்டு மீதியைக் கறந்திருந்தால், கணக்கு மாறும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஸ்டேபிள் டிஃப்யூஷன் உருவாக்கிய சில படங்களில் கெட்டியின் வாட்டர்மார்க் வந்தது. அதற்காகக் குறிப்பிட்ட ஒரு போட்டோ உள்ளே இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. எண்ணற்ற படங்களில் அதே முத்திரை, மாடலுக்குப் பழகிவிட்டது. அதனால் பொதுவானதைக் கழிக்க வேண்டும். ஃபார் லூப்பை யார் எழுதினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். 200 வரி ஃபங்ஷன், அதில் கமென்ட்டில் இருந்த எழுத்துப்பிழை உட்பட அப்படியே வந்தால் அது பழக்கமில்லை, பிரதி.

லண்டன் நீதிபதியைக் குறை சொல்லவில்லை. மாடல் உருவாக்கும் படங்கள் பற்றிய குற்றச்சாட்டைக் கெட்டியே வழக்கின் நடுவில் கைவிட்டுவிட்டது. மியூனிக் தீர்ப்பும் முடிந்த கதை இல்லை. மேல்முறையீட்டுக்கு வழி இருந்தது. ஆனா எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பது முக்கியம். 'உள்ளே இருக்கிறது என்று நிரூபி' என்றால், பாட்டு எழுதினவர் என்ன செய்வார்? மாடல் அவர் கையில் இல்லை. அவரால் பார்க்க முடிவது வெளியே வருவதை மட்டும்தான்.